சீனி இறங்கும் வேகமும் கண்ணும்

கண்ணாடிக் கடையில் நிற்பவர்களுக்குப் பழகிப்போன முறைப்பாடு ஒன்று உண்டு. “தம்பி, போன மாதம் செய்து தந்த கண்ணாடி பிழை. பேப்பர் எழுத்துத் தெரியேல்லை.” மிசிசாகாவில் இந்தத் தொழிலுக்கு நான் வந்த காலத்தில் இன்சுலின் தொடங்கியவர்கள் அப்படிச் சொன்னார்கள். இப்போது ஒசெம்பிக் ஊசி போட்டு, பழைய சட்டை தோளில் தொங்க வருகிற சீனி வருத்தக்காரர் சொல்கிறார்கள். சீனி இறங்கியதில், அளவெடுத்த அன்றிருந்த கண் இன்று மாறிவிட்டது. நூறு வருடமாக வைத்தியர்கள் அறிந்த இந்த விஷயத்தின் தொடக்கம், இங்கிருந்து அரைமணி நேரக் காரோட்டத்தில் உள்ள ரொறன்ரோ பொது வைத்தியசாலையில்.

1922க்கு முன் சீனி வருத்தத்துக்குப் பெரிய வைத்தியம் பட்டினிதான். அமெரிக்காவில் வைத்தியர் பிரெடரிக் அலன் நோயாளிகளுக்கு உணவை நிறுத்து நிறுத்துக் கொடுத்து, உடம்பை வற்றவைத்து உயிரைக் கொஞ்சம் நீட்டினார். ரொறன்ரோவில் கிடந்த லெனார்ட் தொம்சனுக்கு 14 வயது, எடை 65 இறாத்தல். 1922 ஜனவரி 11இல் ஆய்வாளர்கள் பான்ரிங்கும் பெஸ்ட்டும் எடுத்த இன்சுலின் சாற்றை அவனுக்கு ஏற்றினார்கள். போதிய பலன் இல்லை. அவர்களோடு வேலை செய்த கொலிப் சுத்திகரித்த சாற்றை 23ஆம் திகதி ஏற்றியபோதுதான் சீனி இறங்கியது. அந்த ஓகஸ்டில் ரொறன்ரோ வந்த எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி அலனின் பட்டினியில் 45 இறாத்தலாக வற்றியிருந்தாள். இன்சுலினால் உடம்பு தேறி, 73 வயது வரை வாழ்ந்தாள். அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் அந்த நகரத்துக்கு அருகில் வாழ்வது எனக்குப் பெருமை.

உயிர் தப்பியவர்களிடம்தான் கண்ணின் கதை வெளியே வந்தது. இரத்தத்தில் சீனி ஏறினால் கிட்டப்பார்வையும், இறங்கினால் தூரப்பார்வையும் வரும் என்று லண்டன் கண் வைத்தியர் டியூக்-எல்டர் 1925இலேயே எழுதினார். சீனியோடு கண்வில்லையின் நீர்ப்பிடிப்பும் மாறுவதால் அதன் வலு மாறுகிறது. சில கிழமைகளில் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குள் கண்ணாடி செய்தால் காசு வீண்.

விழித்திரைக்கு வரும் கேடு அப்படித் தானாகச் சரியாகுமென்று விட்டுவிடக்கூடியதல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்து 1993இல் முடிந்த பெரிய ஆய்வில், சீனியை இறுக்கிக் கட்டுப்படுத்தியவர்களில் 13.1 வீதமானோருக்குத் தொடக்கத்தில் விழித்திரை நோய் கூடியது, மற்றவர்களில் 7.6 வீதம். வருடங்கள் போகப்போக இறுக்கிப் பிடித்தவர்களின் கண்தான் தப்பியது. ஆகவே சீனியைக் குறைப்பது சரி, பழுதான விழித்திரையைக் கவனிக்காமல் குறைப்பதுதான் ஆபத்து.

இதே எச்சரிக்கை ஒசெம்பிக்குக்கும் பொருந்தும். ஒசெம்பிக் வகை மருந்துகளுக்கு அடிகோலிய ஆய்வாளர்களில் ஒருவரான டானியல் டிரக்கரும் ரொறன்ரோ மவுண்ட் சைனாய் வைத்தியசாலைக்காரர். 2016இல் வெளியான ஆய்வில் ஒசெம்பிக் மருந்தை ஊசியாகப் போட்டவர்களில் 3 வீதமானோருக்கு விழித்திரைச் சிக்கல். மருந்தில்லா ஊசிக்காரரில் 1.8 வீதம். ஏற்கெனவே விழித்திரை பழுதானவர்களே அதில் அதிகம். பார்வை நரம்புக்கு இரத்தம் குறைந்து திடீரெனப் பார்வை போவதும், 10,000 பேரில் ஒருவர் வரை நேரக்கூடிய மிக அரிதான பக்கவிளைவு என்று 2025இல் ஐரோப்பிய மருந்து முகமை அறிவித்தது.

ஊசியால் அல்லாமல், இரைப்பையைச் சுருக்கிக் குடலை மாற்றிப் பொருத்தும் சத்திரசிகிச்சையால் மெலிபவர்களுக்கு வேறொரு சோதனை. கொழுப்போடு சேரும் விற்றமின் ஏ உடம்பில் சுவறாமல் மாலைக்கண் வரலாம். 1920களின் இறுதியில் நியூபவுண்லாந்தில், கொட் மீன் ஈரலில் அந்த விற்றமின் குவிந்துகிடந்த கரையிலேயே, மாலைக்கண்ணைக் கண்டு எழுதியவர் போஷாக்கு ஆய்வாளர் டபிள்யூ. ஆர். அய்க்ரொய்ட். 1935இல் குன்னூர் போஷாக்கு ஆய்வுகூடத்தின் தலைவராகி, சென்னைக் கண் வைத்தியர் ரைட்டுடன் சேர்ந்து, விற்றமின் ஏ இல்லாமல் கருவிழி உருகும் நோய்க்குச் செம்பனை எண்ணெய் கொடுப்பது பற்றி 1937இல் எழுதினார். வறுமையில் வந்த அந்த விற்றமின் குறைபாடு, இங்கே சத்திரசிகிச்சைக்குப் பின் விற்றமின் குளிசையைக் கைவிட்டவரிடம் வருகிறது.

எங்கள் சனத்தில் சீனி வருத்தம் அதிகம். ஊசி தொடங்கும் முன், கண்மணியை விரித்து விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சை செய்தவர்கள் குளிசையை விடாதீர்கள். பார்வை திடீரென மறைந்தால் கண்ணாடிக் கடைக்கு வராமல் அன்றே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஒன்ராறியோவில் 20 முதல் 64 வயது வரையான சீனி வருத்தக்காரருக்கு வருடம் ஒருமுறை கண் பரிசோதனைக்கான செலவை மாகாணக் காப்புறுதியே கொடுக்கிறது.