நெருக்கடித் தணிப்பு மற்றும் உடல்வழிக் கட்டுப்பாட்டுப் பயிற்சி

மனநல மருத்துவமனை, காப்பகம், சிறப்புப் பள்ளி ஆகியவற்றின் பணியாளர்கள், கொந்தளிப்பில் இருப்பவரைப் பேச்சால் தணிக்கவும், வேறு வழியே இல்லாதபோது காயமின்றிப் பிடித்துத் தடுக்கவும் பெறும் பயிற்சி.

தமிழகத்தில் இதன் தேவையை உணர்த்திய இடம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் பலரால் தப்ப முடியவில்லை; 28 பேர் இறந்தனர். பயிற்சி பெற்ற மனிதர்கள் செய்ய வேண்டிய வேலையைச் சங்கிலியிடம் விட்டதன் கொடுமை அது.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியிடுவதையும் தனிமையில் அடைப்பதையும் தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியுடன் ஒருவரின் உடலைக் கட்டுப்படுத்தலாம். காரணத்தையும் கால அளவையும் பதிவு செய்ய வேண்டும். தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியோ செய்யக் கூடாது என்கிறது 97ஆம் பிரிவு. இந்தக் கடைசி விதியே நடைமுறையில் மிக முக்கியமானது.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகம், பாட நேரத்தில் பேச்சுக்கு எவ்வளவு, பிடிக்கு எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். குரலைத் தாழ்த்துவது, விலகி நிற்பது, கோபத்தின் காரணத்தைக் கேட்பது ஆகியவற்றுக்கே பெரும்பங்கு தேவை. குப்புறக் கிடத்தி முதுகை அழுத்தினால் மூச்சடைத்து உயிர் போகலாம். அதைக் கற்பிக்கும் பயிற்சியை மறுத்துவிட வேண்டும். இரவுப் பணி உதவியாளரையும் காவலாளியையும் சேர்க்காத, அவர்களுக்குப் புரியும் தமிழில் நடத்தாத, மீள்பயிற்சி தராத திட்டம் எவ்வளவு பெயர்பெற்றதாயினும் பயன்படாது.