ஒரே உப்பளம், இரண்டு வாக்குறுதி: பாண்டுப் தமிழரும் தேர்தல்காலச் சமூக ஊடக உரையாடலும்

2024 செப்டம்பர் இறுதியில், சட்டமன்றத் தேர்தல் அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன்பு, மும்பையின் காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு பகுதிகளில் உள்ள 255.9 ஏக்கர் உப்பள நிலத்தைத் தாராவி மறுசீரமைப்புக்கு ஒதுக்க மகாராஷ்டிர அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தாராவிக்குள் இலவச வீடு பெறத் தகுதியில்லாதவர்களுக்கு வாடகைக் குடியிருப்பு கட்டுவதற்கான நிலம் அது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு உண்டு. அதற்குப் பின் வந்தவர்களும் மாடியில் குடியிருப்பவர்களும் வெளியே போக வேண்டும். இவர்களை அரசு ஆவணங்கள் குறிக்கும் மராத்திச் சொல் இன்று தாராவித் தமிழர் வாயிலும் புழங்குகிறது: அபாத்ர், அதாவது தகுதியற்றவர்.

தாராவி மும்பை தென்மத்திய மக்களவைத் தொகுதியில் இருக்கிறது, பாண்டுப் வடகிழக்குத் தொகுதியில். சயானில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் பாண்டுப் வந்துவிடும். தாராவியில் இடம் போதாமல் பாண்டுப்பின் சால் எனும் வரிசைக் குடியிருப்புகளுக்கும் சரிவுகளுக்கும் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். அண்ணன் அங்கே, தங்கை இங்கே. தேர்தல் ஆணையத்துக்கு இவர்கள் இரு தொகுதி வாக்காளர்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரே குடும்பக் குழு. சமூக ஊடகம் அரசியல்வாதியையும் குடிமக்களையும் நேருக்கு நேர் கொண்டுவந்து நிறுத்திவிட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை இந்தக் குடும்பங்களை வைத்துச் சோதிக்கலாம் என்று கருதுகிறேன்.

தேர்தல்கால இணைய உரையாடல் பற்றி ஜெனிஃபர் ஸ்ட்ரோமர்-கேலி 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் துணை நிற்கிறது. 1990களின் அமெரிக்க வேட்பாளர்கள் இணையத்தில் வாக்காளரோடு உரையாடுவதை ஏன் தவிர்த்தார்கள் என்று அவர் ஆராய்ந்தார். பதில் எழுதுவது பெரும் சுமை. பேச்சின் கடிவாளம் கைவிட்டுப் போகும். எல்லாவற்றையும்விட, தேர்தல் நேரத்தில் வேட்பாளருக்கு வேண்டிய பூடகம் கலைந்துவிடும். இந்த மூன்றாவது காரணத்தைத்தான் நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். எந்தத் தரப்பையும் பகைத்துக்கொள்ளாமல் பேச வேண்டியவருக்குப் பூடகம் மூலதனம். கேள்வி கேட்பவர் அதைக் கரைத்துவிடுவார்.

தாராவி மக்களைக் கொண்டுவரும் யோசனைக்கு முலுண்டில் 2024 மே மக்களவைத் தேர்தலின்போதே கடும் எதிர்ப்பு இருந்தது. வடகிழக்குத் தொகுதியில் மோதிய பாஜகவின் மிஹிர் கோட்டேச்சா, உத்தவ் சிவசேனையின் சஞ்சய் தீனா பாட்டீல் இருவருமே அதை எதிர்த்தார்கள், பாட்டீல் வென்றார். தாராவிக்குள் எதிர்க்கட்சிகள் சொன்னது, ‘தாராவிக்காரருக்குத் தாராவியிலேயே வீடு’ என்பது. சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டு வாக்குறுதியும் ஒன்றுதான்: தாராவி மக்கள் தாராவியிலேயே இருப்பார்கள். ஆனால் ஒரு தொகுதியில் அது உரிமைக் குரல். மறு தொகுதியில், ‘அவர்கள் இங்கே வரக்கூடாது.’ ஒரே வாக்கியம் ஓரிடத்தில் அணைக்கிறது, இன்னோரிடத்தில் விரட்டுகிறது. தெருமுனைக் கூட்டங்களின் காலத்தில் இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்திருக்காது. முலுண்டில் பேசியது முலுண்டோடு முடிந்திருக்கும்.

இப்போது சந்திக்கின்றன. அந்தச் சந்திப்பை நடத்தி வைப்பது வேட்பாளர் அல்ல, ஸ்கிரீன்ஷாட். நான் அருகிருந்து பார்த்த ஒரு குடும்பக் குழுவில், பாண்டுப் டெம்பிபாடாவில் இருக்கும் தங்கை தன் ஏரியா குழுவுக்கு வந்த, தாராவி மக்கள் இங்கே வரக்கூடாது என்ற மராத்திப் போஸ்டர் ஒன்றை, “அண்ணே, இதப் பாத்தியளா?” என்று கேட்டு அனுப்பினார். 90 அடி சாலையை ஒட்டிய சந்தில் இரும்பு ஏணி வைத்த மாடி அறையில் இருக்கும் அண்ணனிடமிருந்து இருபது விநாடிக் குரல்பதிவு வந்தது. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்த தலைமுறை என்பதால் இவ்வகைக் குழுக்களில் குரல்பதிவுதான் அதிகம். பின்னணியில் தையல் மிஷின் சத்தம். “நாங்க வாரோம்னு அவங்ககிட்ட யாரும்மா சொன்னா? போகச் சொன்னவனும் எங்களக் கேக்கல, வராதன்னு சொல்றவனும் எங்களக் கேக்கல.”

தேர்தல் காலத்தில் நான் கேட்ட மிகக் கூர்மையான அரசியல் கேள்வி இது. ஆனால் அதற்குப் போய்ச்சேர ஒரு முகவரி இல்லை. வடகிழக்கு வேட்பாளருக்கு அண்ணன் வாக்காளர் அல்ல. தாராவி வேட்பாளருக்குத் தங்கை வாக்காளர் அல்ல. தங்கைக்கு வாக்குண்டு, ஆனால் ‘பாண்டுப் வாக்காளர்’ என்றால் தாராவிக்காரரை எதிர்ப்பவர் என்று ஏரியா குழுவின் உரத்த குரல்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. தன் தெருவுக்குக் கூடுதல் நெரிசல் வேண்டாம் என்பதும், அண்ணன் வீடிழக்கக் கூடாது என்பதும் அவருக்கு ஒருசேர முக்கியம். குழுவில் மூச்சுவிடாமல் பேசும் பத்துப் பேரைத் தொகுதியாக எண்ணிக்கொள்ளும் வேட்பாளரின் கண்ணுக்கு இப்படிப்பட்டவர் படுவதே இல்லை.

பூடகத்தை உடைப்பதில் குடிமக்கள் வென்றுவிட்டார்கள். பதில் பெறுவதில் தோற்றுவிட்டார்கள். சமூக ஊடகத்தால் எந்தப் பயனும் இல்லை என்று கைவிரிக்கும் ஆய்வாளர்களோடு முதல் பாதியில் முரண்படுகிறேன், கொண்டாடுவோரோடு இரண்டாம் பாதியில்.

சட்டத்தின் பார்வையும் வேறு திசையில் இருக்கிறது. 2013 அக்டோபரில் தேர்தல் ஆணையம் வகுத்த நெறிமுறைப்படி வேட்பாளர் தம் சமூக ஊடகக் கணக்குகளைப் படிவம் 26இல் தெரிவிக்க வேண்டும். விளம்பரத்துக்கு முன்சான்று பெற வேண்டும். செலவைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இவை தேவைதான். ஆனால் அந்த மராத்திப் போஸ்டர் எந்த வேட்பாளரின் கணக்கிலிருந்தும் வரவில்லை. அதைக் குழுவில் போட்டவர் தண்ணீர் வராவிட்டாலும் சாக்கடை அடைத்தாலும் மக்கள் தேடிப் போகும் உள்ளூர்த் தொண்டர். வடகிழக்குத் தொகுதியைச் சேர்ந்த மான்குர்த் சிவாஜி நகர் வட்டாரத்தில் குடிநீர் அரசியலை ஆராய்ந்த லிசா பியோர்க்மன், குழாய்க்கும் மாநகராட்சிக்கும் நடுவே நிற்கும் இத்தகைய மனிதர்களை விரிவாகக் காட்டியிருக்கிறார். அந்த மனிதரே இன்று குழுவின் அட்மின். அவரோடு முரண்படுவது குழாயோடு முரண்படுவது. கட்சியின் உள்ளூர்க் கிளையான ஷாகா கைப்பேசிக்குள் குடிவந்திருக்கிறது என்பதே என் கணிப்பு.

தமிழர் மும்பைத் தேர்தலில் பேசுபொருளாவது புதிதல்ல. 1960களில் பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ இதழ் நிறுவனங்களில் பணிபுரிந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியலிட்டு அச்சிட்டது. 1966இல் அவர் சிவசேனையைத் தொடங்கினார். 2026 ஜனவரி மாநகராட்சித் தேர்தலுக்குப் பாஜக சார்பில் தமிழ்நாட்டிலிருந்து பரப்புரைக்கு வந்த கே. அண்ணாமலை, மும்பை மகாராஷ்டிரத்தின் நகரம் அல்ல, சர்வதேச நகரம் என்ற பொருள்படப் பேசினார். மகாராஷ்டிர நவநிர்மாண் சேனைத் தலைவர் ராஜ் தாக்கரே அவர் பெயரை ரசமலாயோடு சேர்த்துக் கேலி செய்து, தென்னிந்தியரை விரட்டச் சொல்லும் பழைய லுங்கி முழக்கத்தை மறுபடி எழுப்பினார். துண்டுக் காணொளிகள் சென்னைக்கும் மும்பைக்கும் இடையே பறந்தன. மும்பைத் தமிழர் பொருட்டு இரண்டு தலைவர்கள் மோதிக்கொண்டதுபோல் தோன்றியது. அந்த மோதலில் உப்பளம் இல்லை, மாடி வீடு இல்லை, அபாத்ர் என்ற சொல்லும் இல்லை. அடுத்த நாள் காலை மராத்தி வாடிக்கையாளருக்கு இட்லி கட்டிக் கொடுக்க வேண்டிய தமிழரிடம் எவரும் எதையும் கேட்கவில்லை.

டெம்பிபாடாத் தங்கை அண்ணனின் குரல்பதிவைத் தன் ஏரியா குழுவுக்கும் அனுப்பிப் பார்த்தார். தமிழ் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இரண்டு வரியில் இந்தியில் அதன் சாரத்தை எழுதினார். கைகூப்பும் படம் ஒன்று வந்தது. பிறகு தொண்டரின் காலை வணக்கச் செய்தி, வேட்பாளரின் படத்தோடு. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு அந்தக் குழு, அட்மின் மட்டுமே பதிவிட முடியும் என்று மாற்றப்பட்டது.