ஒரு காசுத் தின்பண்டமும் சிங்கப்பூரும்



"சிங்கப்பூரில் சூயிங்கம் தின்றால் பிரம்படி கொடுப்பார்களாமே, உண்மையா சார்?" என்று ஆண்டுக்கு ஒரு பிள்ளையாவது வகுப்பில் என்னைக் கேட்டுவிடுகிறது. பிரம்படி இல்லை. ஆனால் அதை விற்பதற்கும் நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் தடை உண்டு. இந்தக் கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்லப் புகுந்தால் பேச்சு மிட்டாயோடு நிற்பதில்லை. மெக்சிக்கோ நாட்டுக் காடு, நம் ரப்பர்க் காடு, சிங்கப்பூர்த் துறைமுகம், தேக்காச் சந்தை, சினிமாக் கொட்டகை வாசல் என்று ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. பால் வெட்டிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கதையில் ஓர் உறவும் உண்டு. ஆகவே இன்று அதைச் சற்று விரிவாகச் சொல்ல எண்ணுகிறேன்.

நம் லயங்களின் ஓரத்தில் சீக்கு மரம் நிற்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் அதைச் சப்போட்டா என்பார்கள். அதன் பிஞ்சைப் பறித்தால் காம்பில் வெள்ளைப் பால் கசிந்து விரலில் ஒட்டிக்கொள்ளும். மெக்சிக்கோ, குவாத்தமாலா நாடுகளின் காடுகள்தாம் அந்த மரத்தின் பிறப்பிடம். அங்குள்ளோர் மரத்தைக் கொத்திப் பாலை வடித்துக் காய்ச்சிக் கட்டியாக்குவர். அந்தக் கட்டிக்குச் சிக்கிள் என்று பெயர். பழங்காலந்தொட்டே அதை வாயிலிட்டு மெல்லும் வழக்கம் அங்கே இருந்தது.

மெக்சிக்கோவின் அதிபராக இருந்து பதவி இழந்த சாந்தா அன்னா என்பவர் 1860களில் நியூயார்க் பக்கம் வந்து தங்கினார். அவர் மூலமாகச் சிக்கிள், தாமஸ் ஆடம்ஸ் என்னும் அமெரிக்கரின் கைக்குக் கிடைத்தது. இவர்கள் அதைக் கொண்டு என்ன செய்ய நினைத்தார்கள் தெரியுமா? ரப்பர்! அன்று ரப்பருக்கு நல்ல விலை. சிக்கிளை ரப்பருக்குப் பதிலாக்கிச் சக்கரத்துக்கும் காலணிக்கும் பயன்படுத்த ஆடம்ஸ் பலவாறு முயன்றார். ஒன்றும் கைகூடவில்லை. ரப்பராக மாட்டேன் என்று முரண்டு பிடித்த அந்தப் பாலை, கடைசியில் மெல்லுவதற்கென்றே உருண்டையாக்கி விற்றார். 1871இல் அதைச் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமையும் பெற்றார். பின்னர் சிக்காகோ நகரத்து ரிக்லி கம்பெனி 1893இல் கொண்டுவந்த வகைகள் உலகெங்கும் பரவின. ஊதி முட்டைவிடும் பபிள்கம்மை 1928இல் பிலடெல்பியா நகரில் வால்ட்டர் டீமர் என்னும் கணக்கர் கண்டுபிடித்தார். கையருகே இருந்தது இளஞ்சிவப்புச் சாயம் ஒன்றுதான் என்பதால் அதையே கலந்தாராம். இன்றும் பபிள்கம் என்றால் அந்த நிறந்தான்.

அமெரிக்கர்கள் மென்ற வேகத்துக்குச் சிக்கிள் ஈடுகொடுக்கவில்லை. வேறு பால் தேடினார்கள். அப்போது கண்ணில் பட்டது நம் வட்டாரக் காட்டு மரமான ஜெலுத்தோங். மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் ஓங்கி வளரும் இம்மரத்தின் பட்டையைக் கீறினால் ரப்பரைப் போலவே வெண்பால் வடியும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தப் பால் கட்டிகட்டியாகச் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ரப்பர் மரம் இந்தப் பக்கம் வந்ததும் அதே ஊர் வழியாகத்தான். 1877இல் சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. நம்மவர் பூமலை என்று அழைக்கும் அந்தத் தாவரத் தோட்டத்தில், 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி என்னும் வெள்ளைக்காரர், மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். நாம் இன்று வெட்டும் வெட்டு அதன் வழிவந்ததே. ஆக ரப்பரும் ஜெலுத்தோங்கும் ஒரே துறையில் இறங்கி ஏறிய பங்காளிகள் என்று சொன்னால் தவறில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மரத்துப் பாலுக்குப் பதிலாகத் தொழிற்சாலையில் செய்த செயற்கைப் பசைகளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். விலை குறைந்தது, எங்கும் கிடைத்தது. ஆனால் அந்தப் பசை வெயிலிலும் மழையிலும் எளிதில் மக்குவதில்லை. மென்று துப்பியது துப்பிய இடத்திலேயே கறுத்துக் கிடக்கும். பின்னால் வந்த வம்பெல்லாம் இதிலிருந்து பிறந்தது.

இனிச் சிராங்கூன் சாலைக்கு வருவோம். தேக்காவில் 1915இல் எழுப்பிய பழைய சந்தைக் கட்டடம் 1982 வரை நின்றது. அதைச் சுற்றிலும் கடைவீடுகள். அவற்றின் முன்னே ஐந்தடி நடைபாதை. அந்த நடைபாதை ஓரங்களிலும், பிறகு அடுக்குமாடி வீடுகளின் கீழேயும், சிறு பெட்டிக்கடைகள் இருந்தன. பெரும்பாலும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தியதால் மாமாக் கடை என்றே சீனரும் மலாய்க்காரரும் கூட அவற்றை அழைத்தனர். வரிசையாகக் கண்ணாடிப் புட்டிகள். ஒன்றில் தலையில் வண்ணச் சீனி வைத்த பொட்டு பிஸ்கட், ஒன்றில் புளிப்பு மிட்டாய், ஒன்றில் சீனத்து வெள்ளை முயல் பால் மிட்டாய், இன்னொன்றில் படம் வைத்துச் சுற்றிய பபிள்கம். ஒரு காசுக்கும் ஐந்து காசுக்கும் பொருள் கிடைத்த காலம் அது. காசு கொடுத்துச் சீட்டுக் கிழித்தால் பரிசு விழும் தீக்காம் அட்டையும் தொங்கும். அதில் பிள்ளைகள் இழந்த காசுக்குக் கணக்கில்லை. ஐஸைச் சீவி உருண்டை பிடித்துச் சிவப்புப் பாகு ஊற்றிக் கையிலேயே கொடுப்பார்கள். முழங்கை வரை பாகு ஒழுக உறிஞ்சிக்கொண்டே வீடு போகலாம்.

இவற்றிலெல்லாம் நம்மவர் தனி முத்திரை வைத்தது கச்சாங் பூத்தே. மலாய் மொழியில் கச்சாங் என்றால் கடலை, பயறு. பூத்தே என்றால் வெள்ளை. பெயர் மலாய்ப் பெயர். பண்டமும் விற்றவரும் தமிழ். அவித்த கொண்டைக்கடலை, வறுத்த வேர்க்கடலை, சீனி பூசிய கடலை, பட்டாணி, முறுக்கு என்று தடுப்புத் தடுப்பாகப் பிரித்த மரத்தட்டைத் தலையில் சுமந்து தெருத்தெருவாகப் போவார்கள். பிற்காலத்தில் தள்ளுவண்டி வந்தது. பழைய தொலைபேசிப் புத்தகத்தின் தாள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துப் பயிற்சிப் புத்தகத்தின் தாள். அதைக் கூம்பாகச் சுருட்டி ஐந்து காசுக்கோ பத்துக் காசுக்கோ நிரப்பித் தருவார்கள். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திய வாக்கியங்களை, கடலை தின்றபடியே பிறர் வாசித்திருப்பார்கள்! மெக்கன்சி சாலை ரெக்ஸ், பாலஸ்டியர் சாலை ஹூவர் போன்ற சினிமாக் கொட்டகைகளின் வாசலில் கச்சாங் பூத்தேக்காரர் நிற்காவிட்டால் படம் பார்த்த நிறைவே வராது என்று பழைய சிங்கப்பூர்வாசிகள் சொல்வதுண்டு.

இந்தப் பண்டங்களில் ஒன்றை அரசு நிறுத்தியது. சூயிங்கம் அடுக்குமாடிகளில் பெருந்தொல்லையாக இருந்தது. மின்தூக்கிப் பொத்தானிலும், தபால் பெட்டியிலும், சாவித் துவாரத்திலும் ஒட்டிவைத்தார்கள். அதைச் சுரண்டி எடுப்பதற்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஆண்டுக்கு 1,50,000 வெள்ளி செலவிட்டது. 1983இலேயே தடை யோசனை எழுந்தது. அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ அது மிகக் கடுமை என்று எண்ணி விட்டுவிட்டார். 1987 நவம்பரில் எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 500 கோடி வெள்ளித் திட்டம் அது. அதன் கதவுகளில் இருந்த உணர்கருவிகள் மேல் சில குறும்பர்கள் சூயிங்கத்தை ஒட்டவே, கதவு மூடவில்லை, ரயில் நின்றது. கோ சோக் தோங் பிரதமராக இருந்த காலத்தில், 1992 ஜனவரி 3ஆம் நாள் தடை நடப்புக்கு வந்தது. கொண்டுவந்து விற்பவருக்கே பெருந்தண்டனை. மெல்லுவது மட்டும் குற்றமன்று. துப்பினால் குப்பை போட்ட குற்றம்.

பிரம்படிக் கதை எங்கிருந்து வந்தது? 1994இல் கார்களுக்குச் சாயம் தெளித்துச் சேதப்படுத்திய ஓர் அமெரிக்க இளைஞனுக்குச் சிங்கப்பூரில் பிரம்படி கிடைத்தது. உலகப் பத்திரிகைகள் அதையும் சூயிங்கத்தையும் ஒரே மூச்சில் எழுதின. படித்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். தடை வந்த புதிதில் சிலர் கடற்பாலத்தைத் தாண்டி ஜோகூர் பாருவுக்கு வந்து சூயிங்கம் வாங்கிச் சென்றதும் உண்டு. அமெரிக்காவுடன் வாணிப ஒப்பந்தம் பேசும்போது இந்தச் சிறு மிட்டாயும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தது. அதன் பயனாக 2004 முதல் பல்லுக்கு நல்லதென்று சொல்லும் வகையும், புகைப்பழக்கத்தை விடுவதற்கான வகையும் மருந்துக்கடைகளில் கிடைக்கலாயின. வாங்குவோர் தம் பெயரைப் பதிய வேண்டும் என்று விதித்தார்கள். பெயர் எழுதிக் கொடுத்து மிட்டாய் வாங்கிய ஊர் வேறெங்காவது உண்டோ, நான் அறியேன். தடை சரியா தவறா என்பதில் அங்கேயே இரு கருத்துண்டு. என்னைக் கேட்டால், மேசைக்கு அடியில் விரல் விட்டுச் சூயிங்கம் சுரண்டிய எந்த வாத்தியாரும் அந்தச் சட்டத்தை முழுக்க வெறுக்க மாட்டார்.

கச்சாங் பூத்தேயின் கதை வேறு. அதற்கு எவரும் தடை போடவில்லை. 1971 முதல் 1986 வரை சிங்கப்பூர் அரசு தெருவோர வியாபாரிகளைக் கூரையிட்ட அங்காடி நிலையங்களுக்கு மாற்றியது. குழாய்த் தண்ணீரும் கால்வாயும் உள்ள இடத்தில் உணவு விற்பது நல்லதுதான். வாந்திபேதிக் காலத்தைக் கண்டவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் நடந்து விற்பவருக்கு நிலையத்தில் நிற்பதால் என்ன பயன்? அவருடைய வாடிக்கைக்காரர்கள் கொட்டகை வாசலிலும் பள்ளிக்கூட வாசலிலும் அல்லவா இருந்தார்கள்! சிலருக்கு வண்டி வைக்க உரிமம் கிடைத்தது. பிறகு கொட்டகைகளே மாறின. சூயிங்கம் தடையான அதே 1992ஆம் ஆண்டில் யீஷூனில் பத்துத் திரைகள் கொண்ட கொட்டகை திறந்தது. குளிரூட்டிய கூடத்துக்குள்ளேயே சோளப்பொரி விற்றார்கள். பழைய தனிக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூட, வாசலும் போயிற்று, வாசலில் நின்றவரும் போனார். முதல் நாளே ஊறவைத்து, விடியுமுன் அவித்து வறுத்து, இரவு வரை நின்று சில்லறையாய்ச் சேர்க்கும் தொழில் அது. அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் வேலை கிடைத்த பிள்ளைகள் அதற்கு வரவில்லை. வராததில் என்ன குற்றம்? நம் பிள்ளைகள் பால் வாளி தூக்கக் கூடாது என்றுதானே நாமும் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

சிலிகி சாலையில் பீஸ் சென்டர் என்னும் கட்டடத்தின் முன் ஒரு வண்டி நெடுநாள் நின்றது. நாட்டின் கடைசிக் கச்சாங் பூத்தே வண்டி என்று பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதின. 2024இல் அந்தக் கட்டடமும் மூடப்பட்டது. ஒரு காசு நாணயமோ அதற்கு வெகுமுன்பே வெளியிடப்படாமல் நின்றுவிட்டது.

சூயிங்கம் நின்ற தேதியைப் பள்ளிப் பிள்ளை கூடச் சொல்லும். அது அரசிதழில் இருக்கிறது. கச்சாங் பூத்தே நின்ற தேதி எந்த ஏட்டிலும் இல்லை. இன்று சிங்கப்பூரில் "அந்தக் காலத்துத் தின்பண்டம்" என்று பழைய மிட்டாய்களைப் புட்டியில் போட்டுப் பன்மடங்கு விலைக்கு விற்கிறார்கள். வாங்கித் தின்றவர்கள் ஏக்கத்தோடு பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். சுமந்து விற்றவர்கள் எழுதியதை நான் கண்டதில்லை. கொட்டகை வாசலில் பத்தாண்டு வாங்கித் தின்றவருக்கும் அவர் பெயர் தெரியாது. கச்சாங் பூத்தேக்காரர் என்பதே பெயராயிற்று. தலைச்சுமையால் கழுத்து எப்படி நொந்தது, மழைநாளில் மீந்த கடலையை வீட்டில் என்ன செய்தார்கள், ஊருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்று கேட்டு எழுதியிருந்தால் அதுவும் ஒரு வரலாறாக இருந்திருக்கும்.

கேட்பதற்கு இன்னும் ஓரிடம் உண்டு. ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் கச்சாங் பூத்தே கம்பம் என்றே ஒரு குடியிருப்பு இருக்கிறது. கரிசல் சீமையில், கடலை மிட்டாய்க்குப் பேர்போன கோவில்பட்டிக்கு அருகே உள்ள எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே குடியேறின. முதலில் தலையில் சுமந்தார்கள், பிறகு மிதிவண்டி, இப்போது கடை வைத்து முறுக்கும் கடலையும் எடை போட்டு விற்கிறார்கள். தலையில் தட்டு வைத்து நடந்த பெரியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ஈப்போப் பக்கம் உறவு பார்க்கப் போகும் நேயர்கள் அரைக் கிலோ வாங்குங்கள். கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, தாத்தா எந்தத் தெருவில் விற்றார் என்று கேட்டுப் பாருங்கள்.