வேற்றுக்கிரகவாசிகள் வந்தது உண்மை என்றால், யானில் என்ன மாறும்?

நாளைக் காலை உங்கள் கைபேசியில் ஒரு செய்தி வருகிறது: வேறு கிரகத்தைச் சேர்ந்தவர்கள் பூமிக்கு வந்து போயிருக்கிறார்கள், அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. முதலில் என்ன செய்வீங்க? அம்மாவை எழுப்புவீங்களா? குடும்ப வாட்சாப் குழுவில் போடுவீங்களா? இல்லை, "சும்மா கதை" என்று திரும்பிப் படுத்துக்கொள்வீங்களா?

அந்தச் செய்தி சமூகத்தை எப்படி மாற்றும் என்பது பெரும்பாலும் இந்தச் சின்ன முடிவுகளைப் பொறுத்ததுதான். ஒரு பக்கம் ஜெராய் மலை, மறுபக்கம் மலாக்கா நீரிணை என இருக்கும் கெடாவின் யானில் இருந்து இதைப் பார்ப்போம்.

இதுவரை யாராவது வந்திருக்கிறார்களா?

வந்ததற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் முன்னாள் உளவுத்துறை அதிகாரி டேவிட் கிரஷ், 2023 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். மனிதர்கள் செய்யாத வாகனங்களை அரசாங்கம் மறைத்து வைத்திருப்பதாகத் தனக்குத் தகவல் கிடைத்தது என்றார். அவற்றை அவர் நேரில் பார்த்ததாகச் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு ஓர் அறிக்கை வெளியிட்டது. பழைய ஆவணங்களை ஆராய்ந்ததில் வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்திற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது அது.

ஆக, இது இன்னும் ஒரு "ஒருவேளை" மட்டுமே. ஆனால் அந்த ஒருவேளைக்கு நாம் தயாரா என்பது நியாயமான கேள்வி.

அறிவிக்க வேண்டியது யார்?

இங்கே ஒரு மலேசியர் கதைக்குள் வருகிறார். விண்இயற்பியலாளர் டாக்டர் மஸ்லான் ஒத்மான், 2010-இல் ஐக்கிய நாடுகளின் விண்வெளி விவகார அலுவலகத்தின் இயக்குநராக இருந்தார். வேற்றுக்கிரகவாசிகள் வந்தால் உலகத்தின் சார்பில் அவர்தான் வரவேற்கப் போகிறார் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை எழுதியது. செய்தி உலகம் முழுக்கப் பறந்தது. மஸ்லான் அதை மறுத்தார். அப்படியொரு பதவி அன்றைக்கு இல்லை.

இருப்பது விஞ்ஞானிகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஓர் ஒப்புதல். அனைத்துலக விண்வெளியியல் கழகம் அதை 1989-இல் ஏற்றது. விண்வெளியிலிருந்து சமிக்ஞை கிடைத்தால் முதலில் மற்ற ஆய்வாளர்கள் அதைச் சரிபார்க்க வேண்டும். உறுதியானால் மறைக்காமல் உலகத்துக்குச் சொல்ல வேண்டும். உலக நாடுகள் கலந்து பேசும் முன் யாரும் பதில் அனுப்பக் கூடாது. இது எந்த நாட்டையும் கட்டுப்படுத்தும் சட்டமில்லை. அதோடு, இது தொலைவிலிருந்து வரும் சமிக்ஞைக்காக எழுதப்பட்டது. வாசலுக்கே வந்துவிட்டவர்களைப் பற்றி எழுதப்பட்டதல்ல.

மக்கள் பீதியடைவார்களா?

சினிமாவில் எல்லாரும் ஓடுவார்கள். நிஜத்தில் அப்படி இல்லை என்றே தெரிகிறது. 1996 ஆகஸ்டில், செவ்வாயிலிருந்து விழுந்த ஒரு கல்லில் பழைய நுண்ணுயிரின் தடயம் இருக்கலாம் என்று நாசா அறிவித்தது. அமெரிக்க அதிபர் கிளிண்டனே அதைப் பற்றிப் பேசினார். எந்த ஊரிலும் கடைகள் மூடப்படவில்லை. இப்படிப்பட்ட அறிவிப்புகளுக்கு வந்த எதிர்வினைகளை அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். பயத்தைவிட ஆர்வமும் மகிழ்ச்சியுமே அதிகமாகத் தெரிந்தன. ஆனால் அவை நுண்ணுயிர் பற்றிய செய்திகள். நேரில் வருபவர்கள் பற்றிய செய்தி வேறு மாதிரி இருக்கலாம்.

1949 பிப்ரவரியில் எக்குவடோர் தலைநகர் கீட்டோவில் நடந்ததை மறக்கக் கூடாது. செவ்வாய்வாசிகள் தாக்குவதாக ஒரு வானொலி நாடகம், உள்ளூர்ப் பெயர்களோடு, செய்தி போலவே ஒலிபரப்பானது. மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அது நாடகம் என்று தெரிந்ததும் பயம் கோபமாக மாறியது. கூட்டம் வானொலி நிலையக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. பலர் இறந்தார்கள். உயிர்களைப் பறித்தது செவ்வாய்வாசிகள் அல்ல. "எங்களை ஏமாத்திட்டாங்க" என்ற ஆத்திரம்தான்.

நம் அனுபவம் என்ன சொல்கிறது?

2004 டிசம்பர் 26-ஐ உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்க. யானுக்குத் தெற்கே கோத்தா கோல மூடாவைச் சுனாமி தாக்கியது. நாடு முழுக்க 68 பேர் இறந்தார்கள். சுமத்ராவில் நிலம் அதிர்ந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழித்தே அலை நம் கரைக்கு வந்தது. நேரம் இருந்தது. சொல்வதற்கு ஓர் ஏற்பாடு இல்லை. சுனாமி என்ற வார்த்தையே அன்றைக்குப் பலருக்குப் புதுசு. அதன் பிறகுதான் தேசிய எச்சரிக்கை முறையும் கரையோர அபாயச் சங்குகளும் வந்தன.

அடுத்தது 2020 மார்ச். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 16-ஆம் தேதி இரவு அறிவிக்கப்பட்டது. மறுநாள், மாநிலம் தாண்டிப் போக போலீஸ் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. போலீஸ் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. அன்றிரவே அந்த நிபந்தனை தள்ளிவைக்கப்பட்டது. விதி தெளிவாக வராததால், கூடவே கூடாத நேரத்தில் மக்கள் கூடினார்கள்.

அதே ஆண்டு மே மாதம் சிலாங்கூரின் பாங்கியில் பறக்கும் தட்டு என்ற பேச்சு டுவிட்டரில் தீயாகப் பரவியது. போலீஸ் மறுத்தது. அரசாங்கம் மறைக்கிறது என்று சிலர் இன்னும் உறுதியாகப் பேசினார்கள். நம்பிக்கை குறைந்த இடத்தில் மறுப்பும் ஆதாரம் மாதிரி ஆகிவிடுகிறது.

அப்போ, உண்மையில் எது மாறும்?

சமயம் உடைந்துவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. அமெரிக்க இறையியலாளர் டெட் பீட்டர்ஸ் 1,300-க்கும் அதிகமானவர்களிடம் இதைக் கேட்டார். தங்கள் நம்பிக்கை ஆட்டம் காணாது என்றே பெரும்பாலானோர் சொன்னார்கள். ஈரேழு பதினாலு லோகம் என்று பேசியே வளர்ந்த நமக்கு, இன்னும் ஓர் உலகம் இருப்பது பெரிய அதிர்ச்சியாக இருக்க வாய்ப்பில்லை. வெள்ளிக்கிழமை கோயில் வழக்கம்போல நடக்கும்.

வந்தவர்களின் தொழில்நுட்பம் யார் கையில் இருக்கும் என்பது கஷ்டமான கேள்வி. அதை ஒரே நாடோ ஒரே நிறுவனமோ வைத்துக்கொண்டால், எண்ணெய், மின்சாரம், வேலை எல்லாவற்றிலும் இடைவெளி பெரிதாகலாம். இன்னொன்று, "எத்தனை வருஷமா மறைச்சீங்க?" என்ற கேள்வி. 1960-இல் நாசாவுக்காக புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் தயாரித்த அறிக்கையே, இப்படிப்பட்ட தகவலை மக்களுக்கு எப்படிச் சொல்வது, எப்போது சொல்லாமல் இருப்பது என்பதை ஆராயச் சொன்னது. வேறு விஷயங்களிலும் மறைத்தார்களா என்று மக்கள் கேட்கத் தொடங்கினால், அடுத்த தடுப்பூசியையும் அடுத்த வெள்ள எச்சரிக்கையையும் நம்பவைப்பது சிரமமாகிவிடும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

இப்படி ஓர் அறிவிப்பு வந்தால், முதலில் ஆங்கிலத்தில் வரும். அப்புறம் மலாய். தமிழில் வருவதற்குள் குரல் பதிவுகள் பத்து குழுக்களைச் சுற்றி வந்திருக்கும். தமிழ் மட்டுமே வாசிக்கும் தாத்தா பாட்டிக்கு அந்த இடைவெளியில் செய்தி சொல்லப் போவது அமைச்சரோ நாசாவோ அல்ல, நீங்கள்தான். இரண்டு மூன்று மொழி தெரிந்த ஒவ்வோர் இளைஞரும் அன்றைக்கு அந்த வீட்டின் செய்தி வாசிப்பாளர்.

அதனால் நான்கு பழக்கங்கள் போதும். யார் சொன்னது, எங்கே சொன்னது என்று முதல் மூலத்தைத் தேடுங்க. சம்பந்தமில்லாத இன்னொரு தரப்பும் சரிபார்த்திருக்கிறதா என்று பாருங்க. உள்நாட்டு வதந்தி என்றால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் செபெனார்ஞா இணையத்தளத்தில் ஒருமுறை தேடுங்க. தெரியாததைத் தெரியாது என்றே வீட்டில் சொல்லுங்க.

வேற்றுக்கிரகவாசிகள் வராமலே போகலாம். அடுத்த வெள்ளமும் அடுத்த தொற்றும் நிச்சயம் வரும். அன்றைக்கும் பாட்டி கேட்கப்போவது உங்களிடம்தான்: "ஐயா, இது நெசமா?"