பெரும்பான்மை ஆட்சியும் சிறுபான்மையோர் காப்பும்: தஞ்சை நாட்டு வரலாறு

ஒரு பொது விஷயத்தைப் பற்றி மக்களிடையே அபிப்பிராய பேதம் நேருமிடத்து, பலர் விரும்புவது எதுவோ அதுவே அனைவரையும் கட்டுப்படுத்தும் என்னும் ஜனநாயக நியதி பெரும்பான்மை ஆட்சி எனப்படும். அந்நியதி வரம்பு மீறிச் சிலரை நசுக்கிவிடாதபடி, எந்தச் சட்டசபையும் தன் விருப்பம்போல் பறிக்க இயலாத உரிமைகளை அரசியல் சாஸனத்திலேயே எழுதி வைப்பது சிறுபான்மையோர் காப்பாகும். இவ்விரண்டும் காவிரிக் கழிமுகத்தில் வளர்ந்த விதம் தனியே ஆராயத்தக்கது. இங்கே நிலமும் நீரும் கோவிலும் சிலர் கையிலிருக்க, உழைப்பும் தலைத்தொகையும் பலர் பக்கத்தில் இருந்தன. ஆதலால், காப்பு வேண்டியவர் யார் என்பதை எண்ணிக்கை ஒன்றைக் கொண்டு தீர்மானிக்க இந்நாட்டில் இயலவில்லை.

சோழர் காலத்துக் கிராம சபைகளை நம் ஜனநாயகத்தின் ஊற்றுக்கண் என்று புகழ்வது வழக்கம். அப்புகழ்ச்சியில் உண்மையும் உண்டு. முதற் பராந்தகன் ஆட்சியில், 919, 921 ஆம் ஆண்டுகளில், தொண்டை மண்டலத்து உத்தரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள், ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துப் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்த முறையையும், கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் விலக்கப்பட்டதையும் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு கூறுகின்றன. ஆனால், ஒருவன் பெயர் அக்குடத்தில் இடம்பெற வேண்டுமாயின் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேத சாஸ்திரப் பயிற்சியும் அவனுக்கு வேண்டியிருந்தன. தஞ்சைப் பெரிய கோவிலில் முதலாம் இராஜராஜன் பொறித்த கல்வெட்டுக்கள், ஊர்களில் இறை நீக்கப்பட்ட இடங்களைக் கணக்கிடுகையில் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிக்கின்றன. அச்சேரிகளில் வாழ்ந்தோருக்கு அத்தகைய குடத்தில் ஓலை இல்லை. பிற்காலத்தில் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் நாகூர் தர்காவுக்கு உயர்ந்த மனோரா ஒன்றை எழுப்பித் தந்தது போற்றத்தக்க செயலே. எனினும் அது அரசரின் தர்மமாக வந்ததேயன்றிக் குடிமக்கள் உரிமையென்று கேட்டுப் பெற்றதன்று.

1799 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரண்டாம் சரபோஜியின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியார் வசம் சென்றபோதும் மிராசு என்னும் பரம்பரை நிலப் பாத்தியதை அசையவில்லை. 1843 ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்துக்கு நீதிமன்றங்களின் ஆதரவை மறுத்தது. ஆயினும் நிலத்தில் உழைத்த பண்ணையாள், பட்ட கடனாலும் குடியிருந்த மனையாலும் மிராசுதாரரோடு கட்டுண்டே கிடந்தான். பின்னர் ஏற்பட்ட ஜில்லா போர்டுகளிலும் மாகாணச் சட்டசபைகளிலும் வாக்குரிமை வரியையும் சொத்தையும் படிப்பையும் ஒட்டி வழங்கப்பட்டமையால், பெரும்பான்மை என்று அன்று எண்ணப்பட்டது வாக்குடைய சிலருக்குள் பெரும்பான்மையே. 1932 செப்டம்பர் 24 ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தம், தாழ்த்தப்பட்டோருக்கு மாகாண சபைகளில் 148 இடங்களை ஒதுக்கிற்று. அவற்றுள் 30 சென்னை மாகாணத்துக்கு உரியவை. இரட்டைமலை சீனிவாசனும் எம். சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்ட தமிழர்கள். தாழ்த்தப்பட்டோர் மட்டும் வாக்களிக்கும் தனித்தொகுதி கைவிடப்பட்டுப் பொதுத்தொகுதியில் இடம் ஒதுக்கப்பட்டதால், ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதி பிறருடைய வாக்கையும் நம்பியே வெல்ல வேண்டியவரானார். இம்முறையின் பலமும் பலவீனமும் அதுவே.

பெரும்பான்மையின் தீர்ப்புக்கு எதை விடலாம், எதை விடலாகாது என்னும் வினா கோவில் நுழைவில் கூர்மையடைந்தது. 1938 இல் இராஜாஜி மந்திரிசபை இயற்றிய மலபார் ஆலயப் பிரவேசச் சட்டம், சாதி இந்து வாக்காளரிடம் வாக்கெடுத்து, பெரும்பாலோர் இசைந்தால் கோவிலைத் திறக்கலாம் என்றது. மறுநாள் விடியலில் உள்ளே செல்லப் போகிறவர்களுக்கு அவ்வாக்கெடுப்பில் இடமில்லை. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களே வெளியே நின்றவர்களின் உரிமையை முடிவு செய்தனர். 1939 ஜூலை 8 ஆம் நாள் மதுரையில் அ. வைத்தியநாதையர் கோவிலுள் விடப்படாத வகுப்பார் சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோவிலுள் நுழைந்தார். சிறு குழுவின் துணிவு பெருந்தொகையினரின் மனத்தை மாற்றக்கூடும் என்பதற்கு அதனினும் தக்க சான்று தமிழகத்தில் அரிது. அவ்வாண்டே பிறந்த சட்டம், வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லையெனத் தர்மகர்த்தர் கருதினால் சர்க்கார் அனுமதியோடு கோவிலைத் திறக்க வழிசெய்தது. பரம்பரைத் தர்மகர்த்தராகிய தஞ்சை இராஜா, பெரிய கோவிலையும் தம் பொறுப்பிலிருந்த பிற கோவில்களையும் திறந்துவிட்டார். 1947 ஆம் ஆண்டுச் சட்டமோ எவருடைய இசைவையும் கேளாமல் நுழைவை உரிமையாக்கிற்று. அரசியல் சாஸனத்தில் தீண்டாமையை ஒழித்த 17 ஆம் ஷரத்தும், பொதுத்தன்மை வாய்ந்த இந்து சமய ஸ்தாபனங்களை எல்லா வகுப்பு இந்துக்களுக்கும் திறந்துவிட அரசுக்கு அதிகாரம் தரும் 25 ஆம் ஷரத்தும் அதன் மேல் எழுந்தவை. மூல்கியில் உள்ள வெங்கடரமண சுவாமி கோவில் தம் வகுப்பாருக்கே உரியதென்று கௌட சாரஸ்வதப் பிராமணர் தொடுத்த வழக்கில், 1957 இல் உச்ச நீதிமன்றம், சிறு வகுப்பாரின் சமய சுதந்திரத்தை மெய்யென ஏற்று, அவர்களுக்கே உரிய சில சடங்குகளைக் காத்துக்கொடுத்து, ஆனால் பொது நுழைவைத் தடுக்க அச்சுதந்திரம் பயன்படாதென்று தீர்த்தது. சிறுபான்மையோர் இருவர் மோதும்போது எளியவர் பக்கம் சாஸனம் சாய வேண்டுமென்பதை அத்தீர்ப்பு காட்டுகிறது.

நிலத்தின் கதை இதனினும் நீண்டது. கன்னட நாட்டிலிருந்து வந்த பி. சீனிவாசராவ், 1943 இல் மன்னார்குடியை அடுத்த தென்பரையில் விவசாயிகள் சங்கம் கண்டார். தலைத்தொகையில் மிகுந்திருந்தும் ஒன்றுசேர அஞ்சிய மக்கள் அங்கே தம் பலத்தை முதன்முதலாக உணர்ந்தனர். 1944 இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் பண்ணையாட்களுக்குத் தண்டனையாகத் தரப்பட்ட சவுக்கடியையும் சாணிப்பால் புகட்டுவதையும் விலக்கிற்று. வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு வந்த 1952 தேர்தலில் தஞ்சை ஜில்லாவில் கம்யூனிஸ்டுகள் பல இடங்களில் வென்றனர். இராஜாஜி சர்க்கார் அவ்வாண்டே தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரே ஊரில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்தோரைக் கட்டுப்படுத்திய அச்சட்டத்துக்கு அஞ்சிப் பலர் பண்ணையாட்களை நீக்கித் தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டமையின், காப்பே சிலருக்குப் பிழைப்பிழப்பாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்த 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தை, சமத்துவ உரிமைக்கு முரணென்று 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கிற்று. அடிப்படை உரிமை என்னும் கேடயம் இங்கே நிலமுடைய சிலரின் கையில் இருந்தது. சில மாதங்களில் பார்லிமெண்டு 17 ஆம் திருத்தத்தால் அச்சட்டத்தை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்துக் காத்தது. 1970 இல் வரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைந்தது. ஆயினும் சட்டத்தின் எழுத்து வரப்பு வரை நடந்து வருவதில்லை. 1968 டிசம்பர் 25 ஆம் நாள் இரவு, விவசாயத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்ட பூசலின் முடிவில், நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றில் தஞ்சம் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிக்கப்பட்டனர். கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர் 1973 இல் உயர் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டனர். சட்டசபையில் மாபெரும் பெரும்பான்மை பெற்ற ஆட்சி சென்னையில் இருந்தது. வாக்குச் சீட்டும் அம்மக்களிடம் இருந்தது. அவ்விரவில் அவை இரண்டும் உதவவில்லை. தஞ்சைக் கீழ்ப்பகுதிக்கென 1969 இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது அதன் பின்னரே.

காலம் செல்ல, மிராசுதாரர் வழிவந்தோரும் சிறு விவசாயிகளும் ஒருசேரச் சிறுபான்மையோர் ஆகும் நிலை காவிரியால் நேர்ந்தது. மேல்மடை மாநிலமாகிய கர்நாடகத்தின் சட்டசபையில் கழிமுகத்தாருக்கு ஒரு வாக்கும் இல்லை. தமிழ்நாடு காவிரி நீர்ப்பாசன விளைபொருள்கள் விவசாயிகள் நல உரிமைப் பாதுகாப்புச் சங்கம் 1983 இல் உச்ச நீதிமன்றத்தை நாடியதன் பயனாக, 1990 ஜூன் 2 ஆம் நாள் நடுவர் மன்றம் அமைந்தது. 1991 ஜூன் 25 இல் அது ஆண்டுக்கு 205 டி.எம்.சி. நீர் விடுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தபோது, கர்நாடக அரசு அதைத் தள்ளும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. தன் வழக்கில் தானே நீதிபதியாக ஒரு மாநிலம் அமர இயலாதென்று அவ்வாண்டு நவம்பர் 22 இல் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஒரு மாநிலத்து மக்கள் அனைவரும் ஒருமித்து விரும்பினும் அடுத்த மாநிலத்தாரின் பங்கை மறுக்க அவ்விருப்பம் போதாது என்பதே அதன் சாரம். உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 ஆம் நாள் இறுதித் தீர்ப்பின்படி, பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் வந்து சேர வேண்டிய நீரின் அளவு 177.25 டி.எம்.சி. ஆகும்.