பிரைவேட் லைவ்ஸ் (நாடகம்)

நோயல் கவர்ட் (1899–1973) எழுதிய மூன்றங்க ஆங்கில நகைச்சுவை நாடகம். மணமுறிவு பெற்று ஐந்து வருடமான ஒரு சோடி, ஆளுக்கொரு புதுத் துணையோடு தேனிலவுக்கு வந்து, முதல் இரவிலேயே ஒரே ஹோட்டலின் அடுத்தடுத்த அறைகளில் மாட்டிக்கொள்வது இதன் முடிச்சு. 1930 ஓகஸ்ட் 18ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில், கிங்ஸ் தியேட்டரில் முதன்முதல் மேடையேறியது. செப்டெம்பர் 24ஆம் திகதி லண்டனில் ஃபீனிக்ஸ் தியேட்டர் என்ற புத்தம்புது அரங்கு இந்த நாடகத்தோடுதான் திறக்கப்பட்டது. பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'தனிப்பட்ட வாழ்க்கைகள்' என்று வரும், அதில் உயிரில்லை. 'வீட்டுக்குள்ள கதை' என்றால் கவர்ட் நினைத்ததற்குக் கிட்ட வரும்.

இங்கிலாந்தின் தம்பதிக் கலாட்டா நாடகங்களில் அதிகம் தூசு தட்டி எடுக்கப்படுபவற்றுள் இது ஒன்று. கதை மெல்லியது, பாத்திரங்கள் ஐந்தே பேர். அந்த ஐந்தாவது ஆளும் பிரெஞ்சில் முணுமுணுத்துவிட்டுப் போகும் ஒரு வேலைக்காரி. அப்படியிருந்தும் தொண்ணூறு வருடமாக இதை மேடை விட மறுப்பதற்குக் காரணம் எழுத்து மட்டுமல்ல. எலியட், அமண்டா என்ற இரண்டு வேடங்களுக்குள் யார் போய் நிற்கிறார்கள், அவர்களுக்கிடையில் மேடைக்கு வெளியே என்ன நடந்திருக்கிறது என்று பார்க்கத்தான் சனம் டிக்கெட் எடுக்கிறது.

கதை

பிரான்சின் டோவில் கடற்கரை. நிலா. ஹோட்டலின் மேல்மாடியில் இரண்டு அறைகளுக்கும் பொதுவாக ஒரு நீள வராந்தா. நடுவில் தொட்டிச் செடி வரிசை ஒன்றுதான் வேலி. இந்தப் பக்கம் எலியட்டும் இளம் மனைவி சிபிலும். அந்தப் பக்கம் அமண்டாவும் புதுக் கணவன் விக்டரும். கிழக்கிலங்கையில், பொத்துவில் உல்லையில், அறுகம்பே வளைவை ஒட்டி, கிடுகு வேய்ந்த கபானாக்களை முதுகோடு முதுகாகக் கட்டி வாடகைக்கு விட்டிருப்பதைப் பார்த்தவருக்கு இந்தக் காட்சியமைப்பை விளக்கத் தேவையில்லை. அலைச்சறுக்குக்காரர் நிறைந்து கிடக்கும் மாதங்களில் பக்கத்து அறைக்காரர் இருமினால் இங்கே கேட்கும்.

சிபில் வாயைத் திறந்தால் பழைய மனைவியின் கதைதான். விக்டரும் அப்படியே, பழைய கணவன் எப்படிப்பட்டவன் என்று துருவுகிறான். கீழே வாத்தியக் குழு ஒரு பழைய மெட்டை வாசிக்க, எலியட் தன்னையறியாமல் அதோடு பாடுகிறான். செடிக்கு அப்பாலிருந்து அமண்டாவும் பாடுகிறாள். இருவருக்கும் தூக்கிவாரிப்போடுகிறது. உடனே பாரிஸ் போவோம், இந்த ராத்திரியே கிளம்புவோம் என்று தத்தம் துணையிடம் கெஞ்சுகிறார்கள், காரணம் மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். புதுத் துணைகள் கோபித்துக்கொண்டு தனித்தனியே சாப்பாட்டுக்கு இறங்கிப் போகிறார்கள்.

அதற்குப் பிறகு வரும் உரையாடல்தான் நாடகத்தின் உச்சம் என்பேன், சண்டைக் காட்சிகள் அல்ல. தனியே நிற்கும் அந்த இருவரும் முதலில் காதலைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. அவன் உலகம் சுற்றி வந்தவன். சீனா எப்படி, ஜப்பான் எப்படி, தாஜ்மஹாலைப் பார்த்தாயா என்று அவள் கேட்கிறாள். பெரிது, சிறிது என்ற அளவில் ஒற்றைச் சொற்களாகப் பதில் வருகிறது. பயணக் கதையின் அடியில் வேறொன்று ஓடுவதை அரங்கில் இருக்கும் கடைசி ஆளும் புரிந்துகொள்கிறான். சொல்லாததை நடிக்க வைக்கும் இந்த வித்தையைப் பின்னால் வந்த ஆங்கில நாடகக்காரர் பலர் கவர்டிடமிருந்துதான் எடுத்தார்கள்.

இரண்டாம் அங்கம் பாரிஸில், அமண்டாவின் சொந்த மாடிவீட்டில். ஓடி வந்த சோடி சில நாளாகக் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்சுகிறது, சண்டை பிடிக்கிறது. சண்டை முற்றும்போது சொல்வதற்கென்று ஒரு குறிச்சொல் வைத்திருக்கிறார்கள். சொன்னதும் இருவரும் சிறிது நேரம் வாய் மூடவேண்டும். ஒரு கிளாஸ் பிராந்தியில் தொடங்கிய தர்க்கம் ஒன்று அந்தக் குறிச்சொல்லுக்கும் அடங்காமல், அமண்டா இசைத்தட்டை எலியட்டின் தலையில் உடைப்பதிலும், அவன் அறைவதிலும், இருவரும் தரையில் புரள்வதிலும் போய் நிற்கிறது. சரியாக அந்த நொடியில் விக்டரும் சிபிலும் உள்ளே வருகிறார்கள். மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் சண்டை இடம் மாறுகிறது: விக்டரும் சிபிலும் ஒருவரையொருவர் ஏசத் தொடங்க, பழைய சோடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூனை நடை நடந்து வெளியேறுகிறது.

கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்றுப் பக்கத்தில் வீடு பெண்ணின் பேரில் சீதனமாக எழுதப்படும். கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பார். ஆகவே இங்கே சண்டையில் பெட்டியோடு இறங்குகிறவர் யார் என்பதில் சந்தேகமில்லை. அமண்டா தன் சொந்த வீட்டிலிருந்து, விருந்தாளிகளை உள்ளே விட்டுவிட்டு, தானே இறங்கிப் போகிறாள். இங்கத்தைய கண்ணுக்கு அதைவிடப் பெரிய பகிடி நாடகத்தில் இல்லை.

எழுதப்பட்ட விதம்

கவர்டும் நடிகை கேர்ட்ரூட் லோரன்ஸும் சிறுவயதிலிருந்தே மேடைத் தோழர்கள். இருவரும் சேர்ந்து நடிக்க ஒரு நாடகம் எழுதித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, 1929 கடைசியில் கவர்ட் கீழைத்தேசப் பயணம் புறப்பட்டார். டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டலில் ஒரு ராத்திரி விளக்கை அணைத்ததும், வெள்ளை உடையில் லோரன்ஸ் ஒரு மாடி வராந்தாவில் நிற்பது மனக்கண்ணில் தோன்றியதென்றும், விடியுமுன் கதை முழுவதும் கூடிவிட்டதென்றும் அவர் எழுதியிருக்கிறார். பிறகு ஷங்காயில் கதே ஹோட்டலில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, சில நாட்களுக்குள் பென்சிலால் எழுதி முடித்தார்.

அதே பயணத்தில் சிங்கப்பூர் வழியாக இலங்கைக்கும் வந்தார். தம்பி எரிக் இங்கே தேயிலைத் தோட்டத்துரையாக இருந்தார். அவரைப் பார்த்துவிட்டுத்தான் கவர்ட் ஊர் திரும்பினார். எரிக் நோய்ப்பட்டு 1933இல் இளவயதிலேயே இறந்துபோனார். 1944இல், படைத் தளபதி மவுண்ட்பேட்டனின் அழைப்பில் படையினருக்குப் பாடிக்காட்ட, கவர்ட் மறுபடியும் இந்தப் பக்கம் வந்தார்.

பிரதியைப் படித்த லோரன்ஸ், சரிசெய்ய முடியாத சிக்கல் எதுவுமில்லை என்ற பொருளில் தந்தி அடித்தார். அவர் சொன்னது தன் பழைய ஒப்பந்தச் சிக்கலை. கவர்டோ நாடகத்தைக் குறை சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு சீறி விழுந்தார். எலியட்டும் அமண்டாவும் எங்கிருந்து வந்தார்கள் என்று தேடி அலையத் தேவையில்லை.

தணிக்கை இன்னொரு தலையிடி. 1968 வரை பிரித்தானியாவில் ஒவ்வொரு நாடகத்துக்கும் லோர்ட் சேம்பர்லின் என்ற அரண்மனை அதிகாரியின் உரிமம் வேண்டியிருந்தது. வேறு ஆட்களை மணந்த இருவர் ஒரு வீட்டில் கொஞ்சிக் குலாவும் இரண்டாம் அங்கம் அங்கே முகச்சுளிப்பை உண்டாக்கியது. கவர்ட் நேரே போய் எல்லா வேடங்களையும் தானே வாசித்துக் காட்டி உரிமத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஹோட்டல் சாட்சி

இன்றைய பார்வையாளருக்கு நழுவிவிடும் ஒரு செய்தி முதல் அங்கத்தில் இருக்கிறது. மணமுறிவு எப்படிக் கிடைத்தது என்று எலியட் சொல்லும்போது, பிரைட்டன் நகரில் தன்னோடு ஒரு வார இறுதியைக் கழித்த ஒரு பெண்ணை நினைவுகூர்கிறான். அவளைப் பற்றி அவன் மனதில் தங்கியிருப்பது அவளுடைய அசிங்கமான தலைவாரும் பிரஷ் மட்டும். 1930 லண்டன் சிரித்த சிரிப்பின் காரணம் சட்டத்தில் இருக்கிறது. அக்கால இங்கிலாந்தில் மணமுறிவுக்கு விபசாரத்தை நிரூபிக்க வேண்டும். இருவரும் பேசி ஒத்துக்கொண்டால் வழக்கே தள்ளுபடி. எனவே மரியாதைப்பட்ட கணவன் பழியைத் தான் ஏற்று, கூலிக்குப் பிடித்த ஒரு பெண்ணோடு கடற்கரை ஹோட்டலில் தங்குவான். காலையில் தேநீர் கொண்டுவரும் பணிப்பெண் இருவரையும் ஒரே கட்டிலில் காணவேண்டும். அவள்தான் பிறகு கோட்டில் சாட்சி. ராத்திரி முழுக்கச் சீட்டு விளையாடிப் பொழுதைப் போக்கியவர்களும் உண்டு என்பார்கள். எழுத்தாளரும் பின்னாளில் பாராளுமன்ற உறுப்பினருமான ஏ. பி. ஹேர்பர்ட் இதைக் கேலி செய்து 1934இல் ஒரு நாவல் எழுதினார். அவர் கொண்டுவந்த 1937ஆம் ஆண்டுச் சட்டம் கொடுமை, கைவிட்டுப் போதல் முதலியவற்றையும் காரணங்களாகச் சேர்த்தது.

நம் கரையில் வாசிப்பவருக்குக் கேள்வி வேறு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றமும் அறிந்தவர் முதலில் தலாக்கை எண்ணுவார், பிறகு மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கவேண்டிய காலமான இத்தாவைக் கேட்பார். மூன்று தலாக்கும் முடிந்த பெண் பழைய கணவனிடம் திரும்புவதென்றால், இடையில் இன்னொருவரை மணந்து அவரோடு மெய்யாகவே வாழ்ந்து, அந்த மணமும் முறிந்து, இத்தாவும் கழிந்திருக்க வேண்டும். விக்டரோடு அமண்டா ஒரு வேளை இராச்சாப்பாடுகூடச் சாப்பிடவில்லை.

மேடையேற்றங்கள்

முதல் தயாரிப்பில் எலியட்டாகக் கவர்டே நடித்தார், அமண்டா லோரன்ஸ், சிபில் ஏட்ரியன் அலன், விக்டர், அப்போது 23 வயதான லோரன்ஸ் ஒலிவியர். விக்டரும் சிபிலும் அடித்து விழுத்தி மறுபடி நிறுத்திவைக்கும் மரக்குற்றிகள் மாதிரி என்பதைக் கவர்டே ஒத்துக்கொண்டவர். ஒரு நாடகத்தில் மூன்று மாதத்துக்கு மேல் நடிக்கமாட்டேன் என்ற பிடிவாதக்காரர் அவர். அரங்கு நிறைந்து வழிந்தபோதே லண்டன் ஓட்டம் 101 காட்சியோடு நின்றது. 1931 ஜனவரி 27ஆம் திகதி நியூயோர்க்கில் தொடங்கி 256 காட்சி ஓடியது. அதே வருடம் நோர்மா ஷியரர் நடித்து ஹொலிவூட் படமும் வந்தது. சில காலம் போனால் இந்தச் சக்கையில் என்ன கண்டார்கள் என்று மாணவர்கள் தலையைச் சொறிவார்கள் என்று விமர்சகர் ஐவர் பிரவுன் எழுதினார். நடந்தது மறுதலை. யுத்தகாலத்தில், 1944இல், ஜோன் கிளெமென்ட்ஸும் கே ஹமண்டும் நடித்த மறுமேடையேற்றம் 716 காட்சி ஓடியது.

ஐம்பதுகளில் கோபக்கார இளைஞர்களின் நாடகங்கள் வந்து கவர்டைப் பழங்கஞ்சியாக்கின. அவரை மீட்டது ஒரு சின்ன அரங்கு: 1963இல் ஹாம்ஸ்டெட் தியேட்டரில் ஜேம்ஸ் ரூஸ்-எவன்ஸ் நெறிப்படுத்திய பிரைவேட் லைவ்ஸ். அதன் வெற்றியோடு கவர்டின் மற்ற நாடகங்களுக்கும் மதிப்புத் திரும்பியது.

1972இல் ஜோன் கில்குட் நெறியாள்கையில் மேகி ஸ்மித்தும் ரொபர்ட் ஸ்டீபன்ஸும் நடித்தார்கள். நிஜத்திலும் கணவன் மனைவி. மணவாழ்வு உடைந்துகொண்டிருந்த நேரம். 1975இல் சட்டப்படி பிரிந்தார்கள். 1983இல் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் புரோட்வேயில் இறங்கினார்கள். ஒருவரையொருவர் இருமுறை மணந்து இருமுறை பிரிந்தவர்கள் அவர்கள். டிக்கெட் பறந்தது, விமர்சனம் கிழித்தது. ஓட்டத்தின் நடுவிலேயே பர்ட்டன் வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். வேடத்துக்கும் ஆளுக்கும் இடையில் இடைவெளி கொஞ்சமாவது இருந்தால்தான் சிரிக்க முடியும் என்பதற்கு இந்தத் தயாரிப்பைக் காட்டலாம். 2001இல் அலன் ரிக்மனும் லிண்ட்சே டங்கனும் அந்த இடைவெளியை வைத்தே வென்றார்கள். அடுத்த வருடம் நியூயோர்க்கில் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருது அதற்குக் கிடைத்தது.

2013இல் லண்டனில் எலியட்டாக நின்றவர் டோபி ஸ்டீபன்ஸ், மேகி ஸ்மித்–ரொபர்ட் ஸ்டீபன்ஸ் தம்பதியின் மகன். அரங்கின் பெயர் கில்குட் தியேட்டர். அமண்டாவாக அன்னா சான்சலர். அவருக்காகக் கைவிடப்படும் சிபிலாக நடித்தவர் டோபியின் சொந்த மனைவி அன்னா-லூயிஸ் ப்ளௌமன்.

அடி

நாடகத்தின் சிக்கலான இடம் இரண்டாம் அங்கத்தில் விழும் அறைதான். சில பெண்களைச் சேமக்கலம் மாதிரி அடிக்கடி தட்டவேண்டும் என்ற பொருளில் எலியட் ஒரு பேச்சும் பேசுகிறான். 1930 அதற்குச் சிரித்தது. இருவரும் சமமாக அடித்துக்கொள்கிறார்கள், ஆகவே கணக்கு நேர் என்று பல காலம் நெறியாளர்கள் சமாளித்தார்கள். தலையணை எறிதலாக்கி மென்மையாக்கியவர்களும் உண்டு. 2023இல் லண்டன் டொன்மார் வேர்ஹவுஸில் மைக்கல் லோங்ஹர்ஸ்ட் அந்தச் சமாளிப்பை விட்டார். ஸ்டீவன் மங்கனும் ரேச்சல் ஸ்டேர்லிங்கும் நடித்த அந்தத் தயாரிப்பில் அடி வலிக்கிற அடியாகவே விழுந்தது. சிரிப்பு குறைந்தது என்று சிலர் முறையிட்டார்கள். 2005இல் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இயற்றிய இலங்கையில் இருந்து வாசிக்கும்போது, இந்த வழிதான் நேர்மையானதாகத் தெரிகிறது. ஆனால் மூன்றாம் அங்கத்துப் பகிடி அதற்குப் பிறகு நொண்டுகிறது என்பதும் உண்மை.

நம் மேடைகளில்

இலங்கையில் பிரித்தானியக் கலாட்டா நாடகங்கள் பெயர் மாறி உடை மாறி வந்ததுண்டு. ஈ. எம். டபிள்யூ. ஜோசப்பின் 'ஹீ கம்ஸ் ஃப்ரம் ஜஃப்னா' என்ற ஆங்கில நாடகம் சிட்னி கிரண்டியின் லண்டன் பிரகசனம் ஒன்றைத் தழுவியது. பிற்காலத்தில் ஏர்னஸ்ட் மக்கின்டயர் அந்தத் தலைப்பையே சீண்டி 'ஹீ ஸ்டில் கம்ஸ் ஃப்ரம் ஜஃப்னா' எழுதினார். சென்னைச் சபா மேடையில் பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' முதல் கிரேசி மோகன் வரை ஆள்மாறாட்டமும் வீட்டுச் சண்டையும் குறைவில்லை. ஆனால் அங்கே கடைசிக் காட்சியில் எல்லாரும் அவரவர் துணையோடு வணக்கம் சொல்லித் திரை விழும். கவர்டின் சோடி போல் எவரும் பெட்டியோடு ஓடுவதில்லை.

தயாரிப்பாளருக்கு இந்த நாடகம் மலிவானது: ஐந்து பேர், இரண்டு காட்சியமைப்பு. தலையிடி இசைத்தட்டுதான். 1930இன் அரக்குத் தட்டு தட்டினாலே நொறுங்கும். பின்னால் வந்த வினைல் தட்டு வளையுமே தவிர உடையாது. ஆகவே நடிகரின் மண்டை உடையாமல் தட்டு மட்டும் சிதறும்படி ஒன்றைத் தேடியோ செய்தோ, காட்சிக்கு ஒன்றாக, கையிருப்பில் ஒன்றிரண்டு கூடுதலாக, மேடைப் பொருள் பார்ப்பவர் ஒவ்வொரு மாலையும் கிராமபோனுக்குப் பக்கத்தில் அடுக்கி வைக்கவேண்டியிருக்கிறது.