உடையணிந்து அமர்ந்த பெண் (சிற்பம்)

உடையணிந்து அமர்ந்த பெண் என்பது ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் 1957-58 காலப்பகுதியில் உருவாக்கிய ஒரு வெண்கலச் சிற்பம் ஆகும். இதன் பல வார்ப்புகளில் ஒன்று 1962 ஆம் ஆண்டில் கிழக்கு இலண்டனில் உள்ள ஸ்டெப்னி பகுதியில், ஸ்டிஃபோர்ட் குடியிருப்பின் திறந்த வெளியில் நிறுவப்பட்டது. அப்பகுதி மக்கள் அதனை ஓல்ட் ஃபுளோ என அழைத்தனர். "முதிய ஃபுளோ" என்பது இதன் பொருள். ஃபுளோ என்பது புளோரன்ஸ் என்னும் பெண் பெயரின் சுருக்கம் ஆகும்.

பொதுப் பணத்தில் வாங்கப்பட்ட இச்சிற்பம் பிற்காலத்தில் போதிய கவனிப்பின்றிச் சேதமடைந்தது. 1997 இல் இலண்டனிலிருந்து அகற்றப்பட்டது. 2012 இல் இதனை விற்பதற்கு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. அப்போதுதான் சிற்பம் உண்மையில் எந்த அரசு அமைப்புக்குச் சொந்தமானது என்ற கேள்வி எழுந்தது. 2015 இல் நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. 2017 இல் சிற்பம் மீண்டும் கிழக்கு இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. திறந்தவெளிக் கலைப்பொருட்களை அரசு அமைப்புகள் எவ்வாறு பெறுகின்றன, பின்னர் எவ்வாறு மறந்துவிடுகின்றன என்பதற்கு இச்சிற்பத்தின் வரலாறு சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குகின்றது.

பின்னணி

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் குண்டுவீச்சினால் கிழக்கு இலண்டன் பெருஞ்சேதம் அடைந்தது. போருக்குப் பின்னர் அங்கே அழிந்த வீடுகளுக்குப் பதிலாக அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டியது. அக்காலத்தில் இலண்டனை நிர்வகித்து வந்த இலண்டன் மாவட்ட அவை, வீடு, பள்ளி, பூங்கா போன்றவற்றுடன் கலையும் எளிய மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்னும் கொள்கையைக் கொண்டிருந்தது. 1948 இல் பாட்டர்சி பூங்காவில் இவ்வவை ஒரு திறந்தவெளிச் சிற்பக் கண்காட்சியை நடத்தியது. 1950களின் நடுப்பகுதியில், கலைப்பொருட்களை வாங்குவதற்கு ஆண்டுக்கு 20,000 பவுண்டு வரை ஒதுக்கும் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. இத்திட்டத்தின் கீழ் வாங்கப்பட்ட சிற்பங்களும் சுவரோவியங்களும் பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் வைக்கப்பட்டன.

ஹென்றி மூர் (1898-1986) யோர்க்சயரில் உள்ள காசில்ஃபோர்ட் என்னும் ஊரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். இவர் கலை பொதுமக்களின் அன்றாட வாழ்விடங்களில் இருக்க வேண்டும் என்ற கருத்தை ஆதரித்தார். எனவே இச்சிற்பத்தைச் சந்தை விலையிலும் குறைவான விலைக்கு அவைக்கு விற்றார். அவ்விலை ஏறக்குறைய 7,000 பவுண்டு ஆகும்.

சிற்பத்தின் இயல்புகள்

சிற்பம், மடிப்புகள் நிறைந்த மெல்லிய ஆடை அணிந்து அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் உருவம் ஆகும். உடலோடு ஒப்பிடுகையில் தலை சிறியது. ஏறத்தாழ 1.6 தொன் எடை கொண்டது.

மூரின் ஆடையணிந்த உருவங்களுக்கு இரண்டு மூலங்கள் பொதுவாகக் கூறப்படுகின்றன. ஒன்று, 1951 இல் கிரேக்க நாட்டுக்குச் சென்றபோது அவர் கண்ட பண்டைய சிற்பங்கள். மற்றது, 1940-41 இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி இலண்டன் சுரங்கத் தொடருந்து நிலையங்களில் தஞ்சம் புகுந்த மக்களை அவர் வரைந்த ஓவியங்கள். போர்வைகளால் மூடிக்கொண்டு அமர்ந்தும் படுத்தும் இருந்த பெண்களின் உருவங்கள் அவ்வோவியங்களில் காணப்படுகின்றன. இதனால் குண்டுவீச்சில் பாதிக்கப்பட்ட ஸ்டெப்னியில் இச்சிற்பம் வைக்கப்பட்டது பொருத்தமானது எனக் கருதப்பட்டது.

ஸ்டிஃபோர்ட் குடியிருப்பில்

சிற்பம் உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையில் இருந்த புல்வெளியில் வைக்கப்பட்டது. சுற்றுவேலியோ காவலோ இல்லாததால் எவரும் அருகில் சென்று தொடக்கூடியதாக இருந்தது. சிறுவர்கள் அதன் மீது ஏறி விளையாடினர். காலப்போக்கில் சிற்பத்தின் மீது எழுதுதல் போன்ற சேதங்களும் ஏற்பட்டன.

திறந்த வெளியில் உள்ள வெண்கலத்திற்குத் தொடர்ச்சியான பராமரிப்பு தேவை. மழைநீரில் கலந்துள்ள அமிலங்கள், பறவைகளின் எச்சம், வாகனப் புகை ஆகியன உலோகத்தின் மேற்பரப்பை அரிக்கின்றன. இதனைத் தடுப்பதற்குச் சிற்பத்தைக் கழுவி மெழுகு பூசுவது வழக்கம். இது பெருஞ்செலவு பிடிக்கும் பணி அன்று. ஆனால் குறித்த காலத்தில் தவறாது செய்யப்பட வேண்டும். அவ்வாறு செய்யாமல் விடப்பட்ட சிற்பத்தைப் பின்னர் சீரமைப்பதற்கு மிகுந்த செலவாகும். சாயத்தை அகற்றக் கடுமையான வேதிப்பொருட்களைப் பயன்படுத்தினால், சிற்பி திட்டமிட்டு உருவாக்கிய மேற்பரப்பின் நிறமும் அழிந்துவிடும்.

நிர்வாக மாற்றங்கள்

சிற்பம் நிறுவப்பட்ட பின்னர் இலண்டனின் உள்ளாட்சி அமைப்பு இரண்டு முறை மாற்றி அமைக்கப்பட்டது. சிற்பத்தின் உரிமை தொடர்பான குழப்பத்திற்கு இம்மாற்றங்களே காரணமாயின.

1965: இலண்டன் மாவட்ட அவை கலைக்கப்பட்டது. அதன் சொத்துகள் புதிதாக உருவான பெரிய இலண்டன் அவைக்குச் சென்றன. ஸ்டெப்னி, புதிய டவர் ஹாம்லெட்ஸ் நகர அவையின் எல்லைக்குள் வந்தது.
1980களின் தொடக்கம்: ஸ்டிஃபோர்ட் குடியிருப்பு பெரிய இலண்டன் அவையிடமிருந்து டவர் ஹாம்லெட்ஸ் அவைக்கு மாற்றப்பட்டது.
1986: மார்கரெட் தாட்சர் அரசு பெரிய இலண்டன் அவையை ஒழித்தது. வேறு எவருக்கும் வழங்கப்படாத சொத்துகள் இலண்டன் எஞ்சிய சொத்துக் கழகத்தின் பொறுப்பில் விடப்பட்டன.
1990களின் நடுப்பகுதி: அக்கழகமும் கலைக்கப்பட்டது. அதனிடம் எஞ்சியிருந்த சொத்துகள் தெற்கு இலண்டனில் உள்ள புரோம்லி நகர அவைக்கு அளிக்கப்பட்டன.

நிலமும் கட்டடங்களும் முறையான ஆணைகள் மூலம் கைமாறின. புல்வெளியில் இருந்த சிற்பம் எவருடைய கணக்கில் சேர்ந்தது என்பதை அக்காலத்தில் எவரும் தீர்மானிக்கவில்லை.

யோர்க்சயருக்கு இடமாற்றம்

1990களின் பிற்பகுதியில் ஸ்டிஃபோர்ட் குடியிருப்பின் உயர்ந்த கட்டடங்களை இடித்துவிட்டுப் புதிய வீடுகள் கட்ட முடிவு செய்யப்பட்டது. இதனால் 1997 இல் டவர் ஹாம்லெட்ஸ் அவை சிற்பத்தை வேக்ஃபீல்டு நகருக்கு அருகில் உள்ள யோர்க்சயர் சிற்பப் பூங்காவிற்கு இரவலாக அனுப்பியது. அங்கே சிற்பம் தகுதி வாய்ந்தவர்களால் பேணப்பட்டது. எனினும் யாருக்காக வாங்கப்பட்டதோ அம்மக்களிடமிருந்து அது ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. இவ்வாறு 20 ஆண்டுகள் கழிந்தன.

விற்பனை முயற்சி

2012 பெப்ரவரியில் மூரின் மற்றொரு சிற்பம் இலண்டன் ஏலத்தில் 19 மில்லியன் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. அதே ஆண்டின் இறுதியில் டவர் ஹாம்லெட்ஸ் முதல்வர் லுத்ஃபுர் ரஹ்மான் சிற்பத்தை விற்கும் திட்டத்தை முன்வைத்தார். இதற்கு 20 மில்லியன் பவுண்டு வரை கிடைக்கலாம் என மதிப்பிடப்பட்டது.

நடுவண் அரசு நிதியைக் குறைத்ததால் அவை நெருக்கடியில் இருந்தது. சிற்பத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் காப்புறுதிக்கும் காவலுக்கும் பெருந்தொகை செலவாகும் என்றும், அப்பணத்தை மக்களின் அடிப்படைத் தேவைகளுக்குப் பயன்படுத்தலாம் என்றும் அவை வாதிட்டது. ஐக்கிய இராச்சியத்தின் மிக வறிய பகுதிகள் சில டவர் ஹாம்லெட்ஸில் இருப்பதால் இவ்வாதத்தை எளிதாகப் புறந்தள்ள முடியவில்லை.

மறுபுறம், சிற்பியின் மகள் மேரி மூர், டேட் கலைக்கூடங்களின் அப்போதைய இயக்குநர் நிக்கொலாஸ் செரோட்டா, திரைப்பட இயக்குநர் டானி பாயில் உள்ளிட்டோர் விற்பனையை எதிர்த்து வெளிப்படையான கடிதம் எழுதினர். பொதுமக்களுக்காகக் குறைந்த விலைக்குக் கொடுக்கப்பட்ட ஒன்றை விற்பது அக்கொடையின் நோக்கத்திற்கு முரணானது என்பது அவர்களது கருத்து. இலண்டன் அருங்காட்சியகம் கிழக்கு இலண்டனில் உள்ள தனது வளாகத்தில் சிற்பத்தை வைத்துக்கொள்ள முன்வந்தது.

உரிமை வழக்கு

கலை நிதியம் என்னும் தொண்டு நிறுவனம் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, சிற்பம் டவர் ஹாம்லெட்ஸ் அவைக்குச் சொந்தமானதாக இல்லாதிருக்கலாம் எனக் கூறியது. இதனைத் தொடர்ந்து புரோம்லி நகர அவை உரிமை கோரியது. வழக்கு உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. 2015 சூலையில் தீர்ப்பு வழங்கப்பட்டது. நீதிமன்றம் ஆராய்ந்த கேள்விகளில் முதன்மையானவை இரண்டு.

முதலாவது, சிற்பம் நிலத்தின் பகுதியா அல்லது தனிப் பொருளா என்பது. நிலத்தின் பகுதி எனில், குடியிருப்பு கைமாறியபோது சிற்பமும் டவர் ஹாம்லெட்ஸ் அவைக்குச் சென்றிருக்கும். சிற்பம் தனது எடையினால் மட்டுமே நின்றது. நிலத்திற்குச் சேதமின்றி அதனை அகற்ற முடியும். எனவே அது தனிப் பொருள் என நீதிமன்றம் முடிவு செய்தது. அதன்படி குடியிருப்பு கைமாறியபோது சிற்பம் கைமாறவில்லை. உரிமை பெரிய இலண்டன் அவையிடமே இருந்து, இறுதியில் புரோம்லியைச் சென்றடைந்தது.

இரண்டாவது, புரோம்லியின் உரிமை இன்னும் நிலைத்துள்ளதா என்பது. டவர் ஹாம்லெட்ஸ் அவை சிற்பத்தை உரிமையாளர் போலவே எடுத்து, வேறோர் இடத்திற்கு இரவல் கொடுத்தது. உரிமையுடையவர் 6 ஆண்டுகளுக்குள் இதனை எதிர்த்து வழக்குத் தொடர்ந்திருக்க வேண்டும். புரோம்லி அவ்வாறு செய்யவில்லை. ஆகவே காலவரம்புச் சட்டப்படி அதன் உரிமை அற்றுப்போயிற்று எனவும், சிற்பம் டவர் ஹாம்லெட்ஸ் அவைக்கே உரியது எனவும் தீர்ப்பளிக்கப்பட்டது.

தனக்கு ஒரு சிற்பம் இருப்பதை ஒரு பொது அமைப்பு பல ஆண்டுகள் அறியாமலே இருந்து, அதனாலேயே அதனை இழந்தது என்பது இத்தீர்ப்பிலிருந்து தெரியவருகின்றது.

மீள்வருகை

தீர்ப்புக்கு முந்தைய மாதத்தில் டவர் ஹாம்லெட்ஸ் முதல்வராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜான் பிக்ஸ் விற்பனைத் திட்டத்தைக் கைவிட்டார். 2017 அக்டோபரில் சிற்பம், கேனரி வார்ஃப் வணிகப் பகுதியில் உள்ள கேபட் சதுக்கத்தில் நிறுவப்பட்டது. இவ்விடம் டவர் ஹாம்லெட்ஸ் எல்லைக்குள் இருப்பினும், தனியார் நிறுவனம் ஒன்றால் நிர்வகிக்கப்படும் நிதி நிறுவனங்களின் வளாகம் ஆகும். பாதுகாப்பு வசதியே இவ்விடத்தின் சிறப்பு. எளிய மக்களின் குடியிருப்புக்கு என வாங்கப்பட்ட சிற்பம் அத்தகைய குடியிருப்பு ஒன்றுக்கே திரும்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

புறக்கணிப்புக்கான காரணங்கள்

இச்சிற்பத்தின் வரலாற்றிலிருந்து, பொதுச் சொத்தான திறந்தவெளிக் கலைப்பொருட்கள் புறக்கணிக்கப்படுவதற்கான காரணங்களைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

பதிவேடு இன்மை: வாங்கிய அமைப்பு கலைக்கப்படும்போது, கலைப்பொருட்களின் பட்டியல் அடுத்த அமைப்புக்குச் சென்று சேர்வதில்லை.
பொறுப்பாளர் இன்மை: அருங்காட்சியகத்தில் உள்ள பொருளுக்குக் காப்பாளர் உண்டு. குடியிருப்பில் உள்ள சிற்பம் வீட்டுவசதித் துறைக்கோ பூங்காத் துறைக்கோ கூடுதல் சுமையாகவே அமைகின்றது.
நிதி ஒதுக்கீடு: வாங்குவதற்குப் பணம் ஒருமுறை ஒதுக்கப்படுகின்றது. பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவதில்லை.
விலை உயர்வு: சந்தை மதிப்பு உயரும்போது காப்புறுதிச் செலவும் உயர்கின்றது. அப்போது பொதுக் கலைப்பொருள், விற்கத்தக்க சொத்தாகப் பார்க்கப்படுகின்றது.

ஒப்பிடத்தக்க நிகழ்வுகள்

2005 டிசம்பரில் மூரின் மற்றொரு வெண்கலச் சிற்பம் ஹார்ட்ஃபோர்ட்சயரில் உள்ள அவரது அறக்கட்டளையின் வளாகத்திலிருந்து திருடப்பட்டது. ஏறக்குறைய 3 மில்லியன் பவுண்டு மதிப்புள்ள அது, 1,500 பவுண்டுக்கு மேற்படாத பழைய உலோகமாக உருக்கப்பட்டிருக்கலாம் எனக் காவல்துறை கருதியது. 2011 டிசம்பரில் தெற்கு இலண்டனின் டல்விச் பூங்காவிலிருந்து, பார்பரா ஹெப்வர்த் உருவாக்கிய சிற்பம் ஒன்று திருடப்பட்டது. 1970 இலிருந்து அங்கே இருந்த அது சதக் நகர அவையின் சொத்து ஆகும். இத்தகைய திருட்டுகள் பெருகியதை அடுத்து, இங்கிலாந்திலும் வேல்சிலும் பழைய உலோகத்தை ரொக்கப் பணத்திற்கு வாங்குவது 2012 இறுதியில் தடை செய்யப்பட்டது.

மரபுரிமைப் பாதுகாப்பு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, போருக்குப் பிற்பட்ட பொதுக் கலைப்பொருட்களில் காணாமற் போனவற்றைப் பற்றித் தகவல் தருமாறு 2015 டிசம்பரில் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. 2016 சனவரியில் இத்தகைய 41 சிற்பங்கள் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இந்தியாவில், சிற்பி அமர்நாத் சேகல் புதுதில்லி விஞ்ஞான் பவனுக்காக உருவாக்கிய பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பம் குறிப்பிடத்தக்கது. கட்டடத்தின் உட்புறத்தில் இருந்த இது, 1979 இல் சிற்பிக்கு அறிவிக்கப்படாமல் அகற்றப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டதில் சேதமடைந்தது. 2005 இல் தில்லி உயர் நீதிமன்றம், எஞ்சிய பகுதிகளைச் சிற்பியிடம் ஒப்படைக்குமாறும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறும் நடுவண் அரசுக்கு ஆணையிட்டது. 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57 ஆவது பிரிவு படைப்பாளிக்கு அளிக்கும் உரிமை இதற்கு அடிப்படையாக அமைந்தது. விற்ற பின்னரும் படைப்பின் மீது படைப்பாளிக்கு உள்ள உரிமை அழிந்துவிடுவதில்லை என்பதை இத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஸ்டெப்னிச் சிற்பத்தின் வழக்கிலோ, எந்த அமைப்பு உரிமையாளர் என்பதே தீர்மானிக்கப்பட்டது. அவ்வுரிமையாளர் சிற்பத்தை எவ்வாறு பேண வேண்டும் என்பது அவ்வழக்கில் ஆராயப்படவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

ஹென்றி மூர்
பார்பரா ஹெப்வர்த்
பெரிய இலண்டன் அவை
பதிப்புரிமை
வெண்கலம்